மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்

நாற்பத்தேழாம் இலக்க வீட்டுக்காரர்
படிக்கு உப்புப் போடுவதில்லை.
ஸ்காபரோவில், பிரிம்லி வீதிக்குப் பின்னால்,
பதினொரு வருடமாக நான் தபால் போடும் படி அது.
அன்றைக்கு உறைமழை.
கையில் ஒரு மின்சாரக் கட்டணமும்
பீட்சாக் கடை விளம்பரமும்.
பாதம் நின்ற இடத்திலேயே நின்றது,
நான் மட்டும் திரும்பினேன்.

உள்ளே ஒரு சத்தம்.
காய்ந்த விறகை முறித்தால் வருமே, அது இல்லை.
ஈரத்துணியைப் பிழியும்போது
எங்கோ ஒரு தையல் விடுமே, அது.

விழுந்து கிடந்தும்
கடிதப் பையை நனையாமல்
தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தேனாம்.
எதிர்வீட்டுப் பிலிப்பினோப் பையன்
சொல்லிச் சொல்லிச் சிரித்தான்,
பிறகு அவன்தான் ஓடிவந்து தூக்கினான்.

பொழுதுபடுவதற்குள் முழங்காலுக்கு முகமே இல்லை.
சில்லு எங்கே என்று
தடவித் தேட வேண்டியிருந்தது.
தலையணை இரண்டின் மேல் கால்,
கால்மேல் உறைந்த பட்டாணிப் பொதி.
எண்ணெய் போட்டு இழுத்து உருவு என்றாள்
மிசிசாகா மச்சாள்.
நடந்தால் தானாகச் சரிவரும் என்றான்
வேலைத்தளத்து டெரெக்,
அவனுக்கு முழங்காலே இல்லாததுபோல.

பிசியோ ஒக்ஸானா இரண்டையும் வேண்டாமென்றாள்.
தன் கழுத்துத் துண்டைக் கழற்றி
இரு கைகளுக்கும் நடுவே இழுத்துப் பிடித்தாள்:
எலும்பை எலும்போடு கட்டுவது நார்,
அது கிழிந்தால் சுளுக்கு.
தசையோ, அதை எலும்பில் பூட்டும் நாணோ
இழுபட்டால் அது வேறு கதை.
உனக்கு உள்பக்க நார். பாதி கிழிசல்.
பாதி இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

அந்தக் கடைசி வசனத்தை மட்டும்
பஸ்ஸில் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வீட்டில் இரத்தினவேலும் நானும்
மார்கழியிலிருந்து கதைப்பதில்லை.
தம்பிக்குக் கொடுத்த காசு,
எனக்குச் சொல்லாமல் கொடுத்த காசு.
உப்பு எங்கே, சாவி எங்கே,
அவ்வளவுதான் எங்கள் தமிழ்.
ஆனாலும் பாண்டேஜைத் தனியாகச் சுற்ற
எனக்குக் கை எட்டவில்லை.
இரவு வேலைக்குப் போகுமுன் அவர்
தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்து
கணுக்காலிலிருந்து மேலே மேலே சுற்றுவார்.
இறுக்கமா?
ம்.
விரல் விறைக்குதா?
ம்கூம்.

நாலாம் நாள்தான் கவனித்தேன்,
விளக்கொளியில் பளபளக்கும் அந்த வழுக்கையை,
அதற்கு ஒரு சாண் தள்ளி என் முழங்காலை,
நடுவே முடிச்சுப் போடும் அவர் விரல்களை.
அடக்க முடியவில்லை.
என்ன சிரிப்பு என்றார். சொன்னேன்.
முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது.
பிறகு தோள் குலுங்கியது,
முடிச்சு அவிழ்ந்துவிட்டது,
திரும்பவும் முதலிலிருந்து சுற்றினார்.

மடித்த துவாயை முழங்காலின் கீழ் வைத்து அமுக்கு,
ஐந்து எண்ணு, விடு.
குதிக்காலை இழு, நீட்டு.
பாத்திரம் கழுவும்போது ஒற்றைக் காலில் நில்.
மூன்றாம் கிழமை கெட்டித்தனம் காட்டி
பஸ்ஸுக்கு ஓடினேன்,
இரவே வீங்கியது, மறுபடி பட்டாணி.
ஒக்ஸானா திட்டவில்லை.
வலி பத்துக்கு எத்தனை என்றுதான் கேட்டாள்.
எந்த வலி என்று கேட்க நினைத்தேன்.
நாலு என்றேன்.

ஒன்று விளங்கியது:
படி ஏற மூச்சிருந்தால் போதும்.
இறங்கத்தான் முழங்கால் வேண்டும்.

ஒன்பதாம் கிழமை வேலைக்குப் போனேன்.
நாற்பத்தேழாம் இலக்கத்தில்
கைப்பிடியைப் பற்றி
ஒவ்வொரு படியாக இறங்கினேன்.
கதவடியில் புத்தம் புதிய வாளி,
நிறைய உப்பு.
சித்திரை வெயிலில்
கட்டி கட்டியாக மினுங்கிக்கொண்டிருந்தது.

அன்றிரவு கட்டுப் போடத் தேவையிருக்கவில்லை.
அவர் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.
நான் காலை நீட்டினேன்.